பெரிய தாத்தா கப்பலேறிப் போனாரு, அதுக்கப்புறம் தகவலே இல்ல. எங்கேருந்து தேடுறது?

டாம்வே பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் யாங்கூன், அதான் பழைய ரங்கூன், அங்க டாம்வே. கோயில்ல ஞாயித்துக்கிழமை வகுப்புல படிச்ச தமிழ் தான், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன். பெரிய தாத்தான்னு சொல்லுவோம், ஆனா நான் பாத்ததில்ல, எங்க அப்பாவே பாத்ததில்ல. முகல் ஸ்ட்ரீட்ல, அதான் இப்ப ஷ்வேபொந்தா ஸ்ட்ரீட், மிளகா மல்லி பருப்புன்னு மளிகைக் கடை வச்சிருந்தாரு. ராணுவத் தளபதி நெவின் புரட்சின்னு சொல்லி ஆட்சியப் புடிச்ச உடனே 62லயே குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாருன்னு வீட்ல சொல்லுவாங்க. எங்க தாத்தா போகல, ஏன்னா பாட்டி அப்ப முழுகாம இருந்தாங்க, எங்க அப்பா தான் மூத்த புள்ள, கப்பல்ல கூட்டிட்டுப் போக பயந்துக்கிட்டு அடுத்த கப்பல்ல வரேன்னு சொல்லியிருக்காரு, அந்த அடுத்த கப்பல் வரவே இல்ல, அவ்ளோ தான் கதை. போனவரு ரெண்டு கடுதாசி போட்டாராம். அப்புறம் ஒண்ணும் இல்ல.

போன மாசம் பாட்டி தவறிட்டாங்க. அவங்க தகரப் பொட்டியத் தொறந்தா உள்ள இதெல்லாம் இருக்கு. பர்மீஸ்ல கையால எழுதுன ஒரு சாமான் லிஸ்ட், மிளகா 14 மூட்டை, துவரம்பருப்பு 9 மூட்டை, தராசு 2, படிக்கல்லு ஒரு செட்டு, மேசை 1, இப்படியே போகுது, கீழ ஒரு ஆபீசர் கையெழுத்து, 19-3-64ன்னு தேதி. அப்புறம் நாலு நூறு சாட் நோட்டு (சாட்னா பர்மா காசு), பழசு, மடிச்சு மடிச்சு நடுவுல ஓட்டை விழுந்துடுச்சு. அப்புறம் ஒரு கவரு, பாதி கிழிஞ்சது, அனுப்புனவங்க அட்ரஸ்ல "மங்கலம் போஸ்ட், திருவாடானை தாலுகா, ராம்நாடு ஜில்லா" அவ்ளோ தான் தெரியுது, மங்கலத்துக்கு முன்னாடி என்னன்னு கரையான் தின்னுடுச்சு.

இத வச்சு அவங்க வாரிசு யாராச்சும் இருக்காங்களான்னு கண்டுபுடிக்க முடியுமா? கப்பல்ல போனவங்க லிஸ்ட் எங்கயாச்சும் இருக்கா? எங்க அப்பாவுக்கு உடம்பு அவ்ளோ நல்லா இல்ல, ஒரு தடவ பாத்துட்டா போதும்னு சொல்றாரு.

பெகு பாட்டி:
தம்பி நல்லா இருப்பா. பாட்டி ஆத்மா சாந்தி அடையட்டும். எனக்கு எழுபத்தி ஒண்ணு நடக்குது, பேரப்புள்ள போன்ல டைப் பண்ணுறேன், மெதுவா தான் வரும்.

முதல்ல ஒண்ணு கேக்குறேன். உங்க அப்பா எந்த வருசம் பொறந்தாரு? பாட்டி முழுகாம இருந்தப்ப அவரு கப்பலேறுனாருன்னு நீயே சொல்ற, அப்ப அப்பாவோட பொறந்த தேதி தான் கப்பல் தேதி. இதுக்கு எதுக்கு ஆபீஸ் ஆபீஸா ஏறணும்.

அப்புறம் அந்த 19-3-64. அது என்ன காகிதம்னு தெரியாமலே பொட்டியில வச்சிருக்கீங்க. அன்னைக்கு வியாழக்கிழமை. ரங்கூன்ல ஒரே நாள்ல கடைங்களுக்கு எல்லாம் ஆபீசர் வந்து உள்ள இருந்தவங்கள ஓரமா நிக்க வச்சு சாமான எண்ணி எழுதி சாவிய வாங்கிக்கிட்டாங்க. எங்க பெகுவுக்கு ஏப்ரல் 9 வந்தாங்க, எங்க அப்பா ஜவுளிக்கடை. அளக்குற முழக்கோல கூட எண்ணி எழுதுனான். எனக்கு அப்ப ஒம்போது வயசு, கல்லாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தேன். மறுநாளே மக்கள் கடைன்னு போர்டு மாட்டிட்டாங்க, அதே கடையில அப்பா கியூவுல நின்னு ஒரு கஜம் துணி வாங்கினாரு. அதனால உங்க பெரிய தாத்தா 62ல போகல. கடைய எழுதி எடுக்கிற வரைக்கும் இங்க தான் இருந்திருக்காரு. 62 மார்ச் 2ந்தேதி நெவின் வந்தது, ஆனா நம்ம ஆளுங்க அப்பவே கிளம்பிடல, பேங்க எடுத்தான் 63ல, சரி நம்ம கடைய விட்ருவான்னு நெனச்சாங்க. கடை போனதுக்கு அப்புறம் தான் தூதரக வாசல்ல கூட்டம். எல்லாருமா சேந்து மூணு லட்சம் பேர் போனாங்கன்னு சொல்லுவாங்க.

அந்த நூறு சாட் நோட்டு, அது மே 17, ஞாயித்துக்கிழமை. அம்பது நூறு ரெண்டும் செல்லாதுன்னுட்டான். கொண்டு போய் குடுக்கவும் பயம், எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பான். எங்கம்மா அடுப்புல போட்டுச்சு. உங்க பாட்டி பொட்டியில போட்டு வச்சிருக்கு.

துறைமுகத்துல கப்பலேத்துறதுக்கு முன்னாடி செக்கிங் பண்ணுறப்ப நகைய எல்லாம் கழட்டச் சொன்னாங்கன்னு போனவங்க கடுதாசியில எழுதுவாங்க. எங்க சின்னம்மா தாலிய மஞ்சக் கயித்துல மாத்திக்கிட்டு தான் ஏறுச்சு.

டாம்வே பையன்:
பாட்டிம்மா, கை நடுங்குது. அப்பா பொறந்தது 1965 ஜனவரி. அப்ப 64ல தான் போயிருக்காரு. இத்தன வருசமா 62ன்னு சொல்லிச் சொல்லி நாங்க எல்லாரும் அப்படியே நம்பிட்டோம், அந்த லிஸ்ட்ட சீட்டுக் கணக்குன்னு நெனச்சேன்.

காரைக்குடி பர்மா காலனி:
தம்பி, நான் பொறந்தது இந்தியா தான், ஆனா எங்க தெருவுக்குப் பேரே பர்மா காலனி. அப்பா அம்மா ரெண்டு பேரும் ரங்கூன்காரங்க, வீட்ல சண்டைன்னா இன்னமும் பர்மீஸ்ல தான் திட்டிக்குவாங்க, எங்களுக்குப் புரியக்கூடாதுன்னு.

கப்பல் லிஸ்ட்ட பிடிச்சுத் தொங்காதீங்க. நானும் அப்படி ரெண்டு வருசம் வீணாக்குனேன். லிஸ்ட்ல பேரு இங்கிலீஷ்ல எழுதுன ஆளு எப்படி எழுதுனானோ, இனிஷியல் இல்லாம, அப்பா பேரு முன்னாடி பின்னாடி மாறி, பர்மாப் பேரு வேற சில பேருக்கு. நான் எங்க அப்பா பேர பேப்பர்ல கண்டுபுடிச்சது வேற வழியில. இங்க வந்து எறங்குனவங்க எதையாச்சும் கேட்டிருப்பாங்க, இல்ல? வீட்டு மனை, தொழில் கடன், கடை. அந்த பேப்பர்ல பேரு சரியா இருக்கும், ஏன்னா தப்பா இருந்தா காசு வராது.

1) பர்மாவுலருந்தும் சிலோன்லருந்தும் வந்தவங்களுக்குன்னே 1969ல ரெப்கோ பேங்க் ஆரம்பிச்சாங்க. தாயகம் திரும்பியவங்க தான் மெம்பர். உங்க பெரிய தாத்தா கடை வச்சிருந்தவரு, சும்மா உக்காந்திருக்க மாட்டாரு, கடன் வாங்கியிருந்தா மெம்பர் ஆகியிருப்பாரு. பழைய கிளைகள்ல விசாரிங்க.

2) மறுவாழ்வுத் துறை, சென்னை சேப்பாக்கம் எழிலகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், பத்து ரூபா தான். ஆனா இந்தியக் குடிமகன் தான் போட முடியும், நீங்க அங்கருந்து போட்டா எடுபடாது. உங்களுக்கு இங்க யாரும் இல்லன்னா நான் என் பேர்ல போடுறேன், தனியா மெசேஜ் அனுப்புங்க. பேரு அட்ரஸ் எதையும் இங்க பொதுவுல போட்டுடாதீங்க.

3) ராம்நாடு ஜில்லா இப்ப இல்ல தம்பி, 1985ல மூணா பிரிச்சாச்சு. ஆனா திருவாடானை ராமநாதபுரத்துல தான் இருக்கு, அதனால தப்பிச்சீங்க. மங்கலம்னு முடியுற ஊரு அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தா ஒண்ணு. குலசாமி பேரு தெரியுமா வீட்ல? அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. ஊரு மாறிப் போனவன் கூட மாசி மாசம் குலசாமிக்கு வந்து நிப்பான்.

ஊருக்கே போகாதவங்களும் உண்டு. சொந்தக்காரன் மூணு நாள் சோறு போட்டான், நாலாவது நாள் மூஞ்சி காட்டுனான், கிளம்பிட்டாங்க. எங்க அப்பா கதையே அதான். ஊருல வீட்டுப் பங்கு கேட்டுடுவாரோன்னு பெரியப்பாவுக்கு பயம். அப்படி வந்தவங்க தான் வியாசர்பாடியிலயும் தஞ்சாவூர் பர்மா காலனியிலயும் இங்கயும் குடியேறுனது. சென்னை பீச் ஸ்டேஷன் எதிர்ல 69ல பர்மா பஜார் வந்தது. அங்க ராத்திரி அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், விக்கிற வண்டிக்காரங்ககிட்ட நின்னு பேசுனா எந்த ஆபீஸ்லயும் கிடைக்காத தகவல் கிடைக்கும், வாழைத்தண்டு சூப்பு குடிச்சுக்கிட்டே. உங்க ஊர்ல அத்தௌன்னா என்னென்னமோ சேப்பாங்கன்னு அம்மா சொல்லும், இங்க அது முட்டைக்கோசு புரோட்டாக்கடை ரேஞ்சுக்கு வந்துடுச்சு, அது வேற கதை.

இங்க திரும்பி வந்தவங்கள வச்சிருந்த கேம்ப் வாழ்க்கை புடிக்காம தரை வழியா திரும்ப பர்மாவுக்கே போயிடலாம்னு கிளம்பி, எல்லையில பர்மா ஆர்மி விடாம, மணிப்பூர் மோரேயிலயே தங்கிட்டவங்களும் இருக்காங்க. அங்க பெரிய அங்காள பரமேஸ்வரி கோயில், தமிழ்ச் சங்கம் எல்லாம் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், உங்க நாட்டுல, இருக்கிற ஊரு டாமு.

மோல்மீன் மல்லி:
நானும் யாங்கூன் தான் தம்பி, பொறந்தது மோல்மீன். காரைக்குடி அண்ணன் சொன்னதுக்கு ஒண்ணு சேத்துச் சொல்றேன், கொஞ்சம் சுத்தி வளைச்சு வரும், பொறுத்துக்கோங்க.

நான் கரண்ட் இருக்கிற நேரத்துல வீட்லருந்து ஒரு வேலை பாக்குறேன். வெளிநாட்டுல வம்சாவளி தேடுறவங்களுக்கு பழைய கையெழுத்து ஸ்கேனப் படிச்சு டைப் பண்ணிக் குடுக்கணும். ஒண்ணரை வருசமா எனக்கு வர்றது பூராவும் அமெரிக்காவுல 1776 புரட்சி நடந்தப்ப பிரிட்டிஷ் ராஜா பக்கம் நின்ன விசுவாசிங்க பேப்பரு. ராஜா தோத்துட்டாரு, இவங்கள ஊருல இருக்க விடல. சுமார் 60,000 பேர் கிளம்பிட்டாங்க, பாதிக்குப் பாதி கனடாவுல நோவா ஸ்கோஷியா பக்கம், அங்க கூட்டம் தாங்காம 1784ல நியூ பிரன்ஸ்விக்னு தனி மாகாணமே பிரிச்சாங்க. மீதி பேர் இங்கிலாந்து, பஹாமாஸ், ஜமைக்கா.

இவங்கள எப்படித் தேடுறாங்கன்னா, முக்கால்வாசி நஷ்ட ஈட்டு மனுவ வச்சுத் தான். லண்டன் பார்லிமெண்ட் 1783ல ஒரு கமிஷன் போட்டுச்சு, இழந்தத எழுதிக் குடு, சாட்சி கூட்டிட்டு வா, பணம் தரோம்னு. 3000க்கும் மேல மனு வந்துச்சு, சுமார் 30 லட்சம் பவுண்டு குடுத்தாங்க. ஏழை எளியவன் லண்டனுக்கு எப்படிப் போவான், அதனால அப்புறம் கமிஷன் ஆளுங்களே ஹாலிஃபாக்ஸ்ல வந்து உக்காந்து விசாரிச்சாங்க. அந்தப் பேப்பரு எல்லாம் லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்கிற ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதுல இத்தன ஏக்கர், இத்தன பசு, ரெண்டு கெட்டில், ஒரு மெத்தைன்னு வரிசையா எழுதியிருப்பாங்க. தம்பி உங்க மிளகா 14 மூட்டை, தராசு 2ன்னு படிச்ச உடனே எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, நான் தினம் டைப் பண்றது இதே தான். ஒரே ஒரு வித்தியாசம். அங்க இழந்தவன் எழுதுனான். இங்க எடுத்தவன் எழுதுனான்.

இன்னொண்ணு. அவங்கள்ல கறுப்பு ஜனங்க இருந்தாங்க, எஜமானனை விட்டு ஓடி வந்து பிரிட்டிஷ்காரன் பக்கம் சேந்தா விடுதலைன்னு சொன்னத நம்பி வந்தவங்க. 1783ல நியூயார்க்லேருந்து கப்பலேத்துறப்ப சுமார் 3000 பேரோட பேரு, வயசு, ஆள் அடையாளம், பழைய எஜமானன் பேரு, கப்பல் பேரு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுனாங்க. புக் ஆஃப் நீக்ரோஸ்னு பேரு. ஆகா எவ்ளோ அக்கறைன்னு நெனச்சுடாதீங்க, எங்க சொத்து போச்சு, நாளைக்கு நஷ்ட ஈடு கேக்கணும்னு அந்தப் பக்கம் கேட்டதால எழுதுனது. கனடாவுல இவங்களுக்கு நல்ல நிலம் குடுக்கல, 1792ல கிட்டத்தட்ட 1200 பேர் திரும்பக் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கே, சியரா லியோனுக்குப் போயிட்டாங்க. இன்னைக்கு அவங்க பேரப்புள்ளைங்க தேடுறது அந்த நோட்டுல தான்.

நான் இத ஏன் சொல்றேன்னா, சும்மா வந்து போன ஆளு பேரு எங்கயும் நிக்காது. காசு கேட்ட இடத்துல நிக்கும், இல்ல காசு குடுத்த இடத்துல நிக்கும். கேட்ட இடத்த அண்ணன் சொல்லிட்டாரு. குடுத்த இடம் எதுன்னா கோயிலு. முகல் ஸ்ட்ரீட்ல கடை வச்சிருந்தவரு ரங்கூன் கோயில் எதுக்காச்சும் ஒரு படி, ஒரு மணி, ஒரு விளக்குத்தூண் எழுதி வச்சிருப்பாரு. கல்லுல உபயம்னு போட்டு ஊர் பேரும் வெட்டுவாங்க அந்தக் காலத்துல. உங்க மங்கலத்துக்கு முன்னாடி இருக்கிற எழுத்து அங்க இருக்கலாம்.

கிழக்கு ரங்கூன்:
மல்லி சொல்றது சுவாரசியம் தான் ஆனா ஒப்பீடு ஒட்டல. அவங்க ராஜா விசுவாசிங்க, துப்பாக்கி எடுத்தவங்களும் இருந்தாங்க, தோத்தாங்க, ராஜா கூப்புட்டு நிலம் குடுத்தாரு, புள்ளைங்களுக்குப் பட்டம் மாதிரி பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து போட்டுக்க விட்டாரு. நம்ம ஆளு யாருக்கு விசுவாசம்? துறைமுகத்துல மூட்டை தூக்குனான், வயல்ல நாத்து நட்டான், கடை வச்சான். செட்டியார் வட்டிக்கு விட்டாங்கன்னு ஒரு கூட்டத்தக் காட்டி எல்லாரையும் கலான்னு, அதான் இந்தியாக்காரங்கள மட்டமா சொல்ற பர்மீஸ் வார்த்தை, ஒரே கணக்குல சேத்துட்டாங்க. 42லயே ஜப்பான் குண்டுக்குப் பயந்து லட்சக்கணக்குல காட்டு வழியா நடந்தான், பல பேர் வழியிலயே செத்தான், பொழச்சவன் திரும்பி வந்தான், 64ல மறுபடியும் போனான். நஷ்ட ஈடுன்னு யாரும் கமிஷன் போடல.

மோல்மீன் மல்லி:
அண்ணே விசுவாசம்னு நான் சொன்னது பேப்பர் விசுவாசம். 48ல சுதந்திரம் வந்தப்ப குடியுரிமைக்கு எழுதிக் குடுன்னாங்க. ஒரே வீட்ல அண்ணன் எழுதிக் குடுக்காம எஃப்.ஆர்.சி. புக்கோட, அதான் வெளிநாட்டவர் பதிவுச் சான்று, வெளிநாட்டுக்காரனா வருசா வருசம் பணம் கட்டுனாரு, தம்பி எழுதிக் குடுத்து குடிமகன் ஆனாரு. எங்க வீட்லயே அப்படித் தான். 64ல அண்ணன் போனாரு, தம்பி இருந்தாரு. அமெரிக்காவுலயும் இதே கூத்து, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் புரட்சிக்காரரு, அவரு சொந்த மகன் வில்லியம் நியூ ஜெர்சிக்கு ராஜா போட்ட கவர்னரு, ஜெயில்ல எல்லாம் இருந்துட்டு இங்கிலாந்துக்குப் போனாரு, கடைசி வரைக்கும் அப்பனும் மகனும் ஒட்டல. மத்தபடி நீங்க சொல்ற கமிஷன் விஷயம் வாஸ்தவம் தான். நமக்கு அப்படி ஒரு பேப்பர் இல்லாததுனால தான் இந்தப் பையன் தகரப் பொட்டிய வச்சுக்கிட்டு நிக்கிறான்.

தம்பி, உங்க தாத்தாவுக்கு என்ன பேப்பர் இருந்துச்சுன்னு பாருங்க. அண்ணன் எஃப்.ஆர்.சி.ன்னா புக்குல சொந்த ஊரு எழுதியிருக்கும். அத அவரு கையோட கொண்டு போயிருப்பாரு, ஆனா தாத்தா குடியுரிமைக்கு மனு போட்டிருந்தா அதுலயும் அப்பா பேரு, பூர்வீகம் எழுதியிருக்கணும், அண்ணன் தம்பிக்கு ஒரே ஊரு தானே.

பெகு பாட்டி:
ரெண்டு பேரும் சண்ட போட்டுக்காதீங்க. எழுதிக் குடுக்காததுக்கு விசுவாசம் எல்லாம் காரணம் இல்ல. படிக்கத் தெரியாது, ஆபீசுக்கு அலையணும், ஒரு நாள் கூலி போவும். அவ்ளோ தான்.

டாம்வே பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன், 62 இல்ல 64ன்னதுக்கு நான் வயித்துல இருந்ததெல்லாம் யாருக்கும் கணக்கு தெரியலயான்னு சிரிச்சாரு, ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சாரு.

தாத்தா மனு வீட்ல இல்ல. ஆனா அத்தைகிட்ட கேட்டேன், பெரிய தாத்தா நாங்க வழக்கமா போற அம்மன் கோயிலுக்கு கொடிமரம் பக்கத்துல ஒரு கல்லு விளக்கு எழுதி வச்சதா தாத்தா சொல்லுவாராம். சாயங்காலம் போய்ப் பாத்தேன். ரெண்டு விளக்குத்தூண் இருக்கு. ஒண்ணுல பெயிண்ட் அடிச்சு மூடிட்டாங்க. இன்னொண்ணுல அடியில எழுத்து இருக்கு, அறுபது வருச எண்ணெய் பிசுக்கு, விரல வச்சுத் தடவுனா குழி தெரியுது ஆனா கண்ணுக்குத் தெரியல. "உ" ஒண்ணு தெரியுது, கடைசி வரியில "லம்"னு இருக்கிற மாதிரி இருக்கு, எனக்கு ஆசையில அப்படித் தெரியுதோ என்னமோ. குருக்கள் வர்ற ஞாயித்துக்கிழமை காலையில தொடச்சுப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாரு. எதப் போட்டுத் தொடைக்கிறது? சோப்புத்தூள் போடலாமா?

காரைக்குடி பர்மா காலனி:
சோப்புத்தூள் வேணாம், கம்பி பிரஷ் கிட்டவே கொண்டு போகாதீங்க, எழுத்து போயிடும். வெந்நீரும் பழைய துணியும், மெதுவா. நல்லா காஞ்சதும் அரிசி மாவ எடுத்துத் தடவி மேல மட்டும் துடைச்சு விடுங்க, குழியில மாவு நின்னு எழுத்து வெள்ளையாத் தெரியும். டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல புடிச்சு போட்டோ எடுங்க. பெயிண்ட் அடிச்ச தூணையும் சேத்து எடுங்க.

பெகு பாட்டி:
மாவு தடவி முடிச்சதும் விளக்க ஏத்திட்டு வா தம்பி. எண்ணெய் நீ கொண்டு போ.